பறக்கும்வரைதான் விமானமா? பாறசாலை எல்லையிலிருந்து ‘பரசுராமன்’ வரை

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குழித்துறை, களியக்காவிளை வழியாகப் பாறசாலையைத் தொட்டு, நெய்யாற்றின்கரையைக் கடந்து திருவனந்தபுரம் சேரும் சாலை பழைய திருவிதாங்கூரின் உயிர்நாடி. அந்த அரசின் ‘அஞ்சல்’ துறை இத்தகைய சாலைகளில்தான் ஓட்டக்காரர்களை வைத்துக் கடிதங்களைக் கொண்டுசென்றது. மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் அஞ்சலோட்டக்காரருக்கு எதிரே வருவோர் ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் இந்த எல்லைக் கிராமங்களுக்குத் தூரத்துச் செய்தி என்பது நெடுங்காலம் ஒரு மனிதனின் கால்வேகத்தில்தான் வந்தது.

அந்த வேகத்தை வானம் மாற்றியது 1935இல். பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி 1932இல் ஒரு விமானத்தளம் உருவாகத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னின்றவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் சகோதரியை மணந்தவருமான கோத வர்ம ராஜா. 1935 நவம்பர் 1 அன்று டாடா நிறுவனத்தின் ‘ஃபாக்ஸ் மாத்’ விமானம் ஒன்று திருவிதாங்கூர் அஞ்சல் பைகளுடன் அங்கிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்டது. கண்ணூரும் கோவாவும் இடைநிறுத்தங்கள். டாடாவின் விமானத் தபால் சேவையைத் தொடக்கம் முதல் வளர்த்தெடுத்த விமானி நெவில் வின்சென்ட்தான் இந்தப் பாதைக்கும் வழிகாட்டியவர். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தவரும் இவரே.

ஃபாக்ஸ் மாத் இன்றைய கண்களுக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றலாம். ஒட்டுப்பலகையால் ஆன உடல், துணி போர்த்திய இரட்டை அடுக்குச் சிறகு, ஒரேயொரு எஞ்சின். மூன்று நான்கு பேர் முன்புறச் சிற்றறைக்குள் அமர்வார்கள். விமானி அவர்களுக்குப் பின்னால், சற்று உயரத்தில், தனி இருக்கையில் இருந்து ஓட்டுவார். வண்டிக்குள் பயணிகளும் வெளியே வண்டிக்காரரும் இருந்த குதிரைவண்டிக் கால ஒழுங்கு சற்றே இடம் மாறி விமானத்தில் ஏறிக்கொண்டதுபோல அதன் அமைப்பு. இந்தப் பாதையில் டாடா பின்னர் ‘மைல்ஸ் மெர்லின்’ என்னும் சிறு விமானத்தையும் பயன்படுத்தியது.

சங்குமுகம் தளத்துக்கு வேறு எந்த விமான நிலையத்துக்கும் எளிதில் அமையாத ஒரு வழக்கமும் உண்டு. பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து கடலுக்குச் செல்கிறது. அந்தச் சில மணிநேரம் விமானங்கள் காத்திருக்கின்றன. விமானம் வருவதற்கு முன்பே அங்கு வழி இருந்தது. புதியது பழையதற்கு ஒதுங்கி நிற்கிறது. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே தளத்தில் இறங்கிய பழைய விமானங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் கிடைக்கும் விடை அவ்வளவு இனிமையானது அல்ல.

பழுதுபார்ப்பில் பிறந்த வான்வழி

திருவனந்தபுரத்திலிருந்து ஃபாக்ஸ் மாத் கிளம்பிய ஏழாவது வாரத்தில், 1935 டிசம்பர் 17 அன்று, கலிஃபோர்னியாவில் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 முதன்முறையாகப் பறந்தது. மரமும் துணியும் கொண்ட விமானங்களின் காலத்தை முடித்துவைத்த விமானம் அது. முழு உலோக உடல், உள்மடியும் சக்கரங்கள், காற்றால் குளிர்விக்கப்படும் இரு எஞ்சின்கள். தபால் மானியத்தை நம்பாமல், பயணிகளின் கட்டணத்தைக் கொண்டே ஒரு விமானப் போக்குவரத்து நிறுவனம் பிழைக்க முடியும் என்பதைக் காட்டியது இந்த வடிவமே. இரண்டாம் உலகப் போரில் இதன் இராணுவ வடிவம் 10,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரானது. பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு இட்ட பெயர்தான் ‘டகோட்டா’.

போர் முடிந்தபோது உபரியான டகோட்டாக்கள் மலிவு விலைக்கு வந்தன. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அவற்றைப் பயணிகள் விமானங்களாக மாற்றியமைத்தது. சிப்பாய்களின் பக்கவாட்டு இருக்கைகள் கழற்றப்பட்டன. பயணிகளின் இருக்கைகளும் சன்னல் திரைகளும் வந்தன. 1953 ஆகஸ்டு 1 அன்று எட்டுத் தனியார் நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, அது பெற்ற 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

இந்த எண்ணிக்கை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பழைய விமானத்தைச் சீரமைப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே இன்று கருதப்படுகிறது. ஆனால் சுதந்திர இந்தியாவின் உள்நாட்டு விமானப் போக்குவரத்தே சீரமைக்கப்பட்ட பழைய விமானங்களின்மேல்தான் எழுந்தது. பழுதுபார்ப்பு அன்று பிழைப்பு. ஒரு விமானத்தின் சிறகு இன்னொன்றுக்குப் பொருந்தியது. ஒன்றின் எஞ்சின் மற்றொன்றைப் பறக்கவைத்தது.

1949இல் தொடங்கிய இரவுத் தபால் சேவை அந்த உழைப்பின் உச்சம். பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் இரவில் கிளம்பிய டகோட்டாக்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. மணிக்கோல் ஏந்திய அஞ்சலோட்டக்காரர்கள் வழியில் பையைக் கைமாற்றிக்கொண்ட அதே முறைதான். சாலைக்குப் பதில் வானம். திருவிதாங்கூர் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பாறசாலையில் பெட்டியில் போட்ட கடிதமும் அந்தப் பெரிய வலைக்குள் வந்தது.

ஏன் இந்த அன்பு?

உலகெங்கும் பழைய விமானங்களை நேசிப்போர் பலர் டகோட்டாவை முதலிடத்தில் வைப்பதற்கு உணர்ச்சி மட்டும் காரணமல்ல. அதன் கட்டுமானத்தில் காரணம் இருக்கிறது. அதன் சிறகு ஒரேயொரு முதன்மைத் தண்டின்மேல் நிற்பதல்ல. பல உத்தரங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. ஓரிடத்தில் விரிசல் கண்டாலும் உடனே முழுச்சிறகும் முறிந்துவிடாது. பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் ஏற்பாடு அதில் இல்லை. பின்னாளைய ஜெட் விமானங்களின் உடல், ஒவ்வொரு பயணத்திலும் பலூனைப் போல உப்பிச் சுருங்கும். அந்த உப்பலும் சுருக்கமும் சேர்ந்து உலோகத்தைக் களைப்படையச் செய்யும். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கு இந்தக் களைப்பே காரணம் என்று கண்டறியப்பட்டது. டகோட்டாவின் உடலுக்கு அந்தத் துன்பம் இல்லை. அரிப்பைக் கவனித்து, தேய்ந்த உறுப்பை மாற்றிக்கொண்டே வந்தால் அதற்கு முதுமை மெல்லவே வரும்.

குறைந்த வேகத்திலும் அது தடுமாறாது. புல்தரையிலும் மண்தரையிலும் இறங்கும். 1948 மே மாதம் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள லேவில் இறக்கியது இந்த இயல்பை நம்பித்தான். வால்பகுதியில் சிறு சக்கரம் கொண்டதால், தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்தி வானத்தைப் பார்த்தபடி நிற்கும். ஏறும் பயணி தன் இருக்கைக்குச் சரிவில் நடந்து ஏற வேண்டும். எஞ்சின் உயிர்பெறும்போது எழும் நீலப்புகையும், பதினான்கு உருளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும் ஓசையும், எப்போதும் சற்றே ஒழுகும் எண்ணெயும் சேர்ந்து அதை இயந்திரம் என்பதைவிட ஒரு கால்நடைபோல் நேசிக்க வைத்தன. வண்டிமாட்டின் மூச்சை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்பவரைப்போல, எஞ்சினின் ஓசையை வைத்தே எந்த உருளையில் கோளாறு என்று சொல்லும் மெக்கானிக்குகள் விமானத்தளங்களில் இருந்தனர்.

காணாமற்போனவை

1957இல் வைகவுண்ட், 1961இல் ஃபாக்கர் எஃப்-27, பின்னர் ஆவ்ரோ எனப் புதிய விமானங்கள் வர, டகோட்டாக்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. கழித்துவிடப்பட்ட விமானத்துக்கு இந்தியாவில் பெரும்பாலும் ஒரே முடிவுதான்: எடைக்கு விற்பனை. நல்ல அலுமினியம் எளிதில் உருகும். உருகியபின் அது பாத்திரமா, சட்டமா, தகடா என்று கேட்பார் இல்லை. அலுவலகக் கோப்புகளில் ஆயுள் முடிந்த சொத்து என்ற ஒரு வரியுடன் ஒரு விமானத்தின் கதை முடிந்தது.

மர விமானங்களுக்கு அந்த வரிகூட அரிது. கேரளக் கடற்கரையின் ஈரக்காற்றில் ஒட்டுப்பலகையும் துணியும் அதிக நாள் தாங்குவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு நியூசிலாந்தில் இருக்கிறது. அந்நாட்டின் தென்தீவின் மேற்குக் கரையில், ஹோக்கிட்டிக்கா என்னும் சிற்றூரிலிருந்து 1934 டிசம்பரில் ஒரு விமானச் சேவை தொடங்கியது. அங்கும் ஃபாக்ஸ் மாத்தான். அங்கும் தபாலும் ஓரிரு பயணிகளும்தான். அந்தச் சேவையைத் தொடங்கிய அதே விமானம் பிற்காலத்தில் சீரமைக்கப்பட்டுப் பறக்கும் நிலையில் காக்கப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆண்டில், ஒரே வகை விமானத்தில் தொடங்கிய கடற்கரைச் சேவைகள். ஒன்றை அவ்வூரார் தங்கள் ஊரின் தொடக்கமாகக் கண்டனர். மற்றொன்றை யாரும் அப்படி எண்ணவில்லை.

பெயர் பெற்றவை பிழைத்தன

இந்தியாவில் காப்பாற்றப்பட்ட பழைய விமானங்களைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். பெரும்பாலும் அவை ஒரு பெரிய பெயரைச் சுமந்தவை.

ஒடிசாவின் பிஜு பட்நாயக் நடத்திய கலிங்கா ஏர்லைன்ஸின் டகோட்டா ஒன்று பல்லாண்டுகள் கொல்கத்தா விமான நிலையத்தின் மூலையில் செடிகொடிகளுக்கிடையே கிடந்தது. 1947இல் இந்தோனேசியத் தலைவர் சுதான் ஷாரிரை டச்சு முற்றுகையிலிருந்து மீட்டுவந்த விமானி என்ற பட்நாயக்கின் புகழ்தான் அதைக் காப்பாற்றியது. 2023 ஜனவரியில் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டு, சாலை வழியாகப் புவனேசுவரம் சென்றது. விமானம் ஒன்று சாலையில் போவதைக் காண ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். அது இனிப் பறக்காது, ஆனால் இருக்கும்.

மற்றொன்று பறக்கிறது. காஷ்மீர்ப் போரின்போது, 1947 அக்டோபர் 27 அன்று, சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைச் சீநகரில் இறக்கியவை டகோட்டாக்கள். அவற்றில் ஒன்றின் எண் வி.பி. 905. அந்த எண்ணை இன்று தாங்கி நிற்பது, போர்க்காலத்தில் கட்டப்பட்டு, பின்னர் பிரிட்டனில் பல பணிகளைச் செய்து முடங்கிய வேறொரு டகோட்டா. அதை வாங்கிச் சீரமைத்தவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தந்தை ஏர் கமடோர் எம். கே. சந்திரசேகர் இந்திய விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். தந்தை ஓட்டிய விமானத்தை மகன் தேடிப் பிடித்துச் செப்பனிட்டுப் படைக்குத் தரமுன்வந்தபோது, பாதுகாப்பு அமைச்சகம் முதலில் ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னரே அந்த அன்பளிப்பு ஏற்கப்பட்டது. 2018 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து கிளம்பி, ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் கடந்து, ஏப்ரல் 25 அன்று அது ஜாம்நகரில் இறங்கியது. இன்றைய ஜெட் விமானம் ஒரு பகலில் கடக்கும் தொலைவுக்கு ஒன்பது நாள். மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் படையில் சேர்ந்தது. 2021 குடியரசு நாள் அணிவகுப்பில் டெல்லி வானில் பறந்தது.

அதற்கு இட்ட பெயர் ‘பரசுராமன்’. கோகர்ணத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலைப் பின்வாங்கச் செய்து நிலத்தை மீட்டதாகக் கேரளத் தொன்மம் சொல்லும் அதே பரசுராமன். அந்தத் தொன்மத்தின் நிலவரைபடத்தில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு இல்லை. கோடு விழுந்தது 1956 நவம்பர் 1 அன்று. அஞ்சல் பைகளுடன் முதல் விமானம் கிளம்பிய நாளிலிருந்து சரியாக 21 ஆண்டுகள் கழித்து. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது.

எது அசல்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சீநகரில் இறங்கிய அந்த விமானமே அல்லாத ஒன்றுக்கு அதே எண்ணை எழுதுவது வரலாறாகுமா? சீரமைப்பின்போது தகடுகள் மாற்றப்படுகின்றன. எஞ்சின்கள் பிரித்துக் கோக்கப்படுகின்றன. கம்பிகளும் குழாய்களும் புதிதாகின்றன. 1982இல் ஜே. ஆர். டி. டாடா தம் 78ஆம் வயதில் கராச்சி–பம்பாய்ப் பயணத்தை மீண்டும் நிகழ்த்தியபோதும், 1932இல் ஓட்டிய பஸ் மாத்துக்குப் பதில் அதன் நெருங்கிய உறவான லெப்பர்ட் மாத் ஒன்றில்தான் பறந்தார். அசலை அப்படியே வைத்திருக்கும் அருங்காட்சியக நோக்கில் இவை குறைபாடுகள்.

எல்லைக் கிராமத்தவர்க்கு இந்தக் கேள்வியின் விடை ஓரளவு முன்பே தெரியும். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இந்தச் சாலை வழியாகவே திருவனந்தபுரம் எழுந்தருள்கிறார்கள். முதல் நாள் குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் தங்கல். பல்லக்கின் தண்டு மாறியிருக்கும், யானை மாறியிருக்கும், சுமக்கும் தோள்கள் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கும், அரசே மாறிவிட்டது. ஊர்வலம் அதே ஊர்வலம்தான். ஆண்டுதோறும் புறப்படுவதால்தான் எதைச் செப்பனிட வேண்டும், யார் சுமக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்ற அறிவு அழியாமல் இருக்கிறது.

பறக்கும் பழைய விமானத்தின் பயனும் இதுவே. அது நிற்கும்போது உலோகம் மட்டும் மிஞ்சுகிறது. பறக்கும்போது, அதைப் பறக்கவைக்கும் கைத்தொழிலும் சேர்ந்து மிஞ்சுகிறது. ஆரவடிவ எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்தவர், வால்சக்கர விமானத்தைக் குறுக்குக் காற்றில் இறக்கத் தெரிந்தவர், பழைய வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் என ஒரு சங்கிலி தேவைப்படுகிறது. எரிபொருளும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. ஜெட் விமானங்களின் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் இந்த எஞ்சின்களுக்கு ஆகாது; தனிவகை விமானப் பெட்ரோல் வேண்டும். அதை இந்தியா இறக்குமதி செய்துவந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடங்கியது. ஆகவே அன்பு மட்டும் போதாது. அன்பு ஒரு பட்டறையாகவும், பயிற்சியாகவும், ஆண்டுச் செலவாகவும் மாறினால்தான் சிறகு எழும்.

அதற்காக, நின்றுபோன விமானம் பயனற்றது என்றும் ஆகாது. 1950களில் சென்னை குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. வளாகத்தில் சேவை முடிந்த இரண்டு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இராமேசுவரத்திலிருந்து படிக்கவந்த ஒரு மாணவர் மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகே அமர்ந்திருப்பார். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இரு விமானங்களே தூண்டுகோல். பின்னாளில் அதே மாணவர், அப்துல் கலாம், திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் பணியில் சேர்ந்தார். எடைக்குப் போட்டிருந்தால் சில நூறு ரூபாய் தந்திருக்கும் உலோகம் அது.

எஞ்சியிருப்பது

பெரிய பெயர் எதையும் சுமக்காத விமானங்களின் நிலைதான் இன்னும் விடையற்ற கேள்வி. காஷ்மீருக்கும் இந்தோனேசியாவுக்கும் போன விமானங்களை நாடு நினைவில் வைத்திருக்கிறது. பம்பாய்க்குக் கடிதமும் அங்கிருந்து மணியார்டரும், கொழும்புக்கும் சென்னைக்கும் போன மக்களின் செய்தியும் சுமந்த விமானங்களுக்கு அந்தப் பேறு இல்லை. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் வாழ்வை மாற்றியவை அவைதான்.

திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் தலைமுறை விமானங்களை இனி யாரும் சீரமைக்க முடியாது. சீரமைக்கக் கூடியது அவற்றின் காகித உடல்: அஞ்சல் முத்திரையும் விமானத் தபால் முத்திரையும் ஒருசேர விழுந்த உறைகள், பழைய பயணச்சீட்டுகள், தளத்தில் வேலைசெய்த மெக்கானிக்குகளின் குறிப்பேடுகள், டகோட்டாவின் படிக்கட்டில் நின்று எடுத்த குடும்பப் படங்கள். இவை அரசு ஆவணக் காப்பகங்களைவிட வீட்டுப் பெட்டிகளில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பழைய ஓட்டுவீடுகள் இடிக்கப்படும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிகளே. அலுமினியத்துக்காவது எடைக்கு விலை இருந்தது. இந்தக் காகிதங்களுக்கு அதுவும் இல்லை. அடையாளம் கண்டு எடுத்துவைப்பவர் கையில்தான் அவற்றின் ஆயுள் இருக்கிறது.